காயில் கசப்பு, கனியில் இனிப்பு: மணத்தக்காளியின் மருந்துக் கணக்கு

மணத்தக்காளிக் கிளை ஒன்றை நுனியிலிருந்து அடிவரை நிதானமாகப் பாருங்கள். நுனிக் கொத்தில் பூ இருக்கும்: வெள்ளை இதழ்கள் ஐந்தும் பின்னுக்கு மடங்கியிருக்க, நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். அடுத்த கொத்தில் மிளகளவு பச்சைக் காய். இன்னும் கீழே, கறுத்துப் பளபளக்கும் பழம்; தொட்டாலே கையோடு வந்துவிடும். பச்சைக் காயைக் கடித்தால் நாக்கு சுருங்கும், கசப்பு தொண்டை வரை இறங்கும். கறுத்த பழத்தைக் கடித்தால் மெல்லிய தோல் உடைந்து, இளம்புளிப்பு கலந்த இனிப்பு பரவும், கூடவே ஒரு தக்காளி வாசம். ஒரே செடி, ஒரே கிளை, சில வார இடைவெளி.

அந்தச் சில வாரங்களில் பழத்துக்குள் நடக்கும் மாற்றத்தைப் புரிந்துகொண்டால், இந்தச் செடியைப் பற்றி நம் வீடுகளில் சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் ஒரு திறவுகோல் கிடைக்கிறது. வாய்ப்புண் ஆறும், வயிற்றுப்புண் ஆறும், ஈரலுக்கு நல்லது, தோலுக்கு நல்லது என்கிறோம். ஐரோப்பாவிலோ இதே செடியை நச்சுக்களை என்று பிடுங்கி எறிகிறார்கள். இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றே. மணத்தக்காளியின் மருந்தும் நஞ்சும் பெரும்பாலும் ஒரே மூலக்கூறுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எந்தப் பாகம், எந்தப் பருவம், எவ்வளவு என்பதுதான் வேறுபாடு.

இந்தச் செடிக்கு ஊருக்கு ஒரு பெயர். தெற்கே மிளகுதக்காளி என்பவர்கள் உண்டு; கொங்குப் பக்கம் சுக்குட்டிக் கீரை. வடமொழி மருத்துவ நூல்கள் காகமாசி என்கின்றன, இந்தியில் மகோய். குப்பைமேடு, வாய்க்கால் கரை, கிணற்றடி, தென்னந்தோப்பின் அரைநிழல் என்று ஈரம் கொஞ்சம் தங்கும் எந்த இடத்திலும் தானாக முளைக்கும். விதைப்பது பெரும்பாலும் மைனாவும் கொண்டைக்குருவியும்தான். பழத்தை விழுங்கி, வேறொரு வேலிமேல் உட்கார்ந்து எச்சமிட்டுப் போகும். விதை செரிக்காமல் வெளியே வந்து முளைக்கும்.

தாவரவியலாளர்களை நீண்ட காலம் திணறடித்த செடி இது. 1753-ல் லின்னேயஸ் இதற்குச் சோலானம் நைக்ரம் என்று பெயரிட்டபோது ஒன்றோடொன்று நெருங்கிய பல வகைகளை அந்த ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டார். பின்னால் குரோமோசோம்களை எண்ணத் தொடங்கியபோதுதான் உள்ளே இருப்பது ஒரு கூட்டுக் குடும்பம் என்று தெரிந்தது. 24 குரோமோசோம் கொண்ட சோலானம் அமெரிக்கானம்; சிறிய, நல்ல மினுமினுப்பான கறுப்புப் பழம் அதனுடையது. 48 கொண்ட சோலானம் வில்லோசம். பழம் செம்மஞ்சளாகப் பழுக்கும். 72 கொண்ட உண்மையான சோலானம் நைக்ரம்; அது முன்சொன்ன இரண்டும் கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்து உருவானது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நம் ஊரில் கறுப்புப் பழம், சிவப்புப் பழம் என்று இரண்டு மணத்தக்காளி உண்டு என்று சொல்பவர்கள் வேறுவேறு இனங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாட்டில் நடந்த நச்சுச் சோதனையின் முடிவை இன்னொரு நாட்டுச் செடியின்மேல் அப்படியே ஏற்றிவிட முடியாததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கசப்புக்கு வருவோம். அதற்குக் காரணமான பொருள்களுக்குக் கிளைக்கோஅல்கலாய்டு என்று பெயர். மணத்தக்காளியில் சோலமார்ஜின், சோலசோனின், சோலனின் ஆகியவை இருக்கின்றன. உருளைக்கிழங்கு வெளிச்சம் பட்டுப் பச்சை பிடிக்கும்போது அதில் கூடுவதும் இந்தக் குடும்பத்துப் பொருள்தான். இந்த மூலக்கூறுக்கு ஓர் உடலும் சர்க்கரைக் கண்ணிகளால் ஆன ஒரு வாலும் உண்டு. உடலைச் செடி எதிலிருந்து செய்கிறது என்பதில்தான் வியப்பு: கொலஸ்டிராலிலிருந்து. கொலஸ்டிரால் என்றாலே நமக்கு முட்டையும் ஆட்டுக்கறியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கத்தரிக் குடும்பத்துச் செடிகள் சிறிதளவு கொலஸ்டிராலைத் தாமே தயாரித்து, அதில் ஒரு நைட்ரஜன் அணுவைச் சேர்த்து, முனையில் சர்க்கரையை ஒட்டி, இந்தக் கசப்பை ஆக்கிக்கொள்கின்றன. அது போய்த் தாக்கும் இடமும் கொலஸ்டிரால் இருக்கும் இடமே. விலங்கின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் கொலஸ்டிரால் பதிந்திருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் அதையொத்த வேறொரு ஸ்டெரால் இருக்கிறது. கிளைக்கோஅல்கலாய்டு அதோடு கோத்துக்கொண்டு சவ்வைக் குலைத்துத் துளையிடும். நரம்புகளுக்கிடையே செய்தி முடிந்ததும் அதைத் துடைத்துவிடும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியையும் தடுக்கும்.

மனித உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வரை கிளைக்கோஅல்கலாய்டு உள்ளே போனால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி வரும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 100 மில்லிகிராமிலேயே தொல்லை தொடங்கிவிடலாம் என்று பொருள். அதனால்தான் ஒரு கிலோ உருளைக்கிழங்கில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று பல நாடுகளில் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

செடியின் பக்கம் நின்று பார்த்தால் இந்த ஏற்பாடு எவ்வளவு கச்சிதமானது என்பது புரியும். காய்க்குள் விதை முற்றாமல் இருக்கும்போது யாரும் அதைத் தின்றுவிடக் கூடாது. ஆகவே கசப்பும் நஞ்சும். விதை முற்றியதும் யாராவது தின்றே ஆகவேண்டும். ஆகவே கசப்பு வடிகிறது, சர்க்கரை ஏறுகிறது, தூரத்துப் பறவையின் கண்ணிலும் படும்படி நிறம் கறுக்கிறது. நம் சமையல் தக்காளியிலும் இதுவேதான் நடக்கிறது. அதில் காயில் இருக்கும் டொமாட்டின், பழுக்கும்போது கசப்பும் நஞ்சும் இல்லாத வேறொரு பொருளாக மாற்றப்படுகிறது. மணத்தக்காளியிலும் பச்சைக் காயில்தான் கிளைக்கோஅல்கலாய்டு உச்சம். பழுக்கப் பழுக்க வெகுவாகக் குறைந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கறுத்ததை மட்டும் பறித்துத் தின்று, பச்சையை விட்டுவைக்கும் பிள்ளைகள் இந்த வேதியியலை நாக்கால் படித்தவர்கள்.

ஐரோப்பியர்களின் அச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே காடுகளில் பெல்லடோனா என்ற செடி வளர்கிறது. அதுவும் கத்தரிக் குடும்பம், அதன் பழமும் கறுப்பு, பளபளப்பு. அதில் இருக்கும் அட்ரோபின் உயிரையே எடுத்துவிடும். ஆனால் பெல்லடோனாவின் பழம் கொத்தாக வராது. தனித்தனியாக, செர்ரி அளவில், விரிந்த ஐந்து பச்சைப் புல்லிகளின் நடுவே உட்கார்ந்திருக்கும். பூவோ ஊதா நிற மணி வடிவம். மணத்தக்காளிக்குச் சிறு பழம், கொத்து, வெள்ளைப் பூ. பார்த்துப் பழகியவர்களுக்கு ஐயமே வராது. பழகாதவர்களோ இரண்டையும் ஒரே அச்சத்தில் சேர்த்துவிட்டார்கள். இதில் வருத்தம் என்னவென்றால், கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடிஸ் மணத்தக்காளியைத் தோட்டத்தில் வளரும் உண்ணத்தக்க செடி என்றே எழுதியிருக்கிறார். பிறகு அந்தப் பழக்கம் அங்கே பெரும்பாலும் அறுந்துபோனது. இன்று பிரிட்டனில் பட்டாணி வயலில் இது முளைத்தால் உழவர்கள் பதறுகிறார்கள். பச்சை மணத்தக்காளிக் காய் பட்டாணியைப் போலவே உருண்டையாக இருப்பதால், இயந்திர அறுவடையில் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

அமெரிக்காவில் 1909-ல் இந்தச் செடி ஒரு பெரிய சண்டையையே மூட்டியது. கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற பயிர்வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க், இரண்டு இனங்களைக் கலந்து உண்ணத்தக்க புதுப் பழம் ஒன்றைப் படைத்துவிட்டதாக அறிவித்தார். விதை வணிகர் ஜான் லூயிஸ் சைல்ட்ஸ் அதை வாங்கி 'வொண்டர்பெர்ரி' என்று விற்றார். இது வெறும் நச்சுக்களைதான் என்று ஒரு வேளாண் இதழ் தாக்கியது. நிரூபித்தால் 10,000 டாலர் தருவதாகப் பர்பாங்க் சவால் விட்டார். கலப்பினம் என்று அவர் சொன்னதைப் பின்வந்த தாவரவியலாளர்கள் ஏற்கவில்லை. அந்தச் சண்டை நடந்த காலத்திலும் கென்யாவில் இதன் கீரை அன்றாடச் சமையலில் இருந்தது. இன்றும் அங்கே 'மனகு' என்ற பெயரில் சந்தைகளில் கட்டுக்கட்டாக விற்கிறது. வேகவைத்துப் பால் சேர்த்துச் சமைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் பழத்தை ஜாம் காய்ச்சுகிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். காய்தான் நஞ்சு என்றால், நாம் வற்றல் போடுவது காயைத்தானே? முற்றிய பச்சைக் காயைக் காம்பு நீக்கிக் கழுவி, லேசாக நசுக்கியோ கீறியோ, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு முழுக்க ஊறவைக்கிறோம். காலையில் வடித்து மொட்டைமாடி வெயிலில் பரப்புகிறோம். மாலையில் அதே மோரில் மறுபடியும் போடுகிறோம். மோர் வற்றும் வரை இது நடக்கும். கடைசியில் சுருங்கிக் கறுத்து, உப்பு பூத்த சின்ன மணிகள் மிஞ்சும். நல்லெண்ணெயில் போட்டால் பொருமி எழும்பும். ஒரு நொடி தாமதித்தாலும் கருகிவிடும்.

மோர் கசப்பை எடுத்துவிடும் என்பது வீட்டுப் பேச்சு. அதில் பாதி உண்மை இருக்கிறது. சோலனின் வெறும் தண்ணீரில் எளிதில் கரையாது, அமிலத்தில் கரையும். புளித்த மோரில் லாக்டிக் அமிலம் உண்டு. ஆனால் வடிந்த மோரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வற்றவைப்பதால், வெளியேறியதில் பெரும்பகுதி மறுபடி காய்க்குள்ளேயே போய்விடும். எண்ணெயின் சூடும் பெரிதாக உதவாது. இந்த மூலக்கூறுகள் சமையல் சூட்டைத் தாங்கி நிற்கும். ஆக, நம்மைக் காப்பது அளவு. வற்றக்குழம்பிலோ நெய்ச்சோற்றிலோ ஒருவர் தட்டில் விழும் வற்றல் ஒரு தேக்கரண்டியைத் தாண்டாது. அந்த அளவில் கசப்பு பசியைத் தூண்டும் சுவையாக நிற்கிறது. பச்சைக் காயைக் கைப்பிடி கைப்பிடியாகத் தின்பதும், அரைத்துச் சாறாகக் குடிப்பதும் வேறு விஷயம். 'இயற்கை மருந்து' என்ற பெயரில் பச்சைக் காய்ச் சாற்றைப் பரிந்துரைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் பாட்டிமார் ஒருவரும் அப்படிக் குடிக்கச் சொன்னதில்லை.

வாய்ப்புண்ணுக்கு வருவோம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையில் 100 கிராம் மணத்தக்காளிக் கீரையில் சுமார் 6 கிராம் புரதமும், 400 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச் சத்தும், அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல் ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. கடைசிச் சத்தைக் கவனியுங்கள். உடலுழைப்புக் குறைந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ரைபோஃபிளேவின் வேண்டும். அது குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது வாய்தான்: கடைவாய் ஓரம் வெடிக்கும், உதடு உரியும், நாக்கு வழவழவென்று சிவந்து எரியும். பாலும் முட்டையும் அரிதான, அரிசியே பெரும்பங்கான தட்டில் இந்தக் குறை எளிதில் வரும். அப்படிப்பட்ட வீட்டில் சில நாள் தொடர்ந்து மணத்தக்காளிக் கீரைக் கூட்டு வைத்தால் வாய்ப்புண் ஆறுவதில் மாயம் எதுவும் இல்லை. குறைந்த சத்து கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ரைபோஃபிளேவின் தண்ணீரில் கரையும், வெளிச்சத்தில் சிதையும். எனவே கீரையை வேகவைத்த நீரைக் கொட்டாமல், பாசிப்பருப்போடு அதிலேயே கடைந்துவிடுவது நல்லது. வெயிலில் நாள்கணக்கில் காய்ந்த வற்றலில் இந்த வைட்டமினைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது, வாய்ப்புண்ணுக்குக் கீரைதான். எல்லா வாய்ப்புண்ணும் சத்துக்குறையால் வருவதும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, தடிப்பு ஆகியவற்றைக் கீரையை நம்பித் தள்ளிப்போடக் கூடாது. புகையிலை, பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாய்ப்புற்று வலியில்லாத சின்னப் புண்ணாகவே தொடங்குவதுண்டு.

வயிற்றுப்புண்ணைப் பொறுத்தவரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் மல்லிகா ஜெய்னு, சியாமளா தேவி ஆகியோர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. மணத்தக்காளிப் பழச் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது செயற்கையாக உண்டாக்கிய புண்கள் குறைந்தன. வயிற்றுச் சுவரில் அமிலத்தை இறைக்கும் புரோட்டான் பம்ப் என்ற நொதி அடங்கியதை அவர்கள் கண்டார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஒமேப்ரசோலும் அதே பம்பைத்தான் பிடிக்கிறது. இது எலியில் கண்டது. மனிதரின் வயிற்றுப்புண்ணுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அதைக் கண்டறிந்த வாரனும் மார்ஷலும் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும். கீரை துணைக்கு நிற்கலாம், அந்த வேலையைச் செய்யாது.

தோலுக்கும் மணத்தக்காளிக்கும் உள்ள உறவைப் பேசும்போது முதலில் சோற்றுத்தட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். 1933-ல் கொழும்பிலிருந்த மருத்துவர் லூசியஸ் நிக்கல்ஸ் ஒரு தோல் நிலையைப் பற்றி எழுதினார். முழங்கை, முழங்கால், தொடையின் வெளிப்புறம் என்று மயிர்க்கால்கள் எல்லாம் அடைத்து, தோல் வறண்டு, சொரசொரவென்று முள்முள்ளாகத் துருத்தும். அதற்கு அவர் தேரைத் தோல் என்று பொருள்படும்படி 'ஃபிரைனோடெர்மா' என்று பெயரிட்டார். சில ஆண்டுகளில் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வகத்தினர் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது அதே தோலைப் பலரிடம் கண்டார்கள். அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1958-ல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. முதலில் வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்று நினைத்தார்கள். பிறகு பி வைட்டமின்களும், எண்ணெயிலிருந்து கிடைக்கும் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து குறைந்தால்தான் இது வருகிறது என்று தெளிந்தது.

இப்போது நம் கூட்டைப் பாருங்கள். மணத்தக்காளியின் கரும்பச்சை இலையில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் இருக்கிறது; பி வைட்டமின் இருக்கிறது. கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் நன்றாக உறிஞ்சப்படும். அதற்குத் தாளித்த எண்ணெயும் தேங்காயும் இருக்கின்றன. தோல் வறட்சியைப் போக்க இதைவிடப் பொருத்தமான ஒரு கிண்ணத்தை ஆய்வகத்தில் உட்கார்ந்து வடிவமைப்பது கடினம். தோலுக்கு மணத்தக்காளி செய்யும் உறுதியான நன்மை எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் முதலில் சொல்வேன்.

கறுத்த பழத்தின் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. நாவல் பழத்தையும் கறுப்பு திராட்சையையும் கறுக்கவைப்பது இதே இனம். வெயிலின் புறஊதாக் கதிரையும், அதனால் செல்லுக்குள் கிளம்பும் தீவிர மூலக்கூறுகளையும் அடக்கும் திறன் இதற்கு உண்டு. செடி இதைத் தன் பழத்தோலில் வைத்திருக்கிறது. நாம் தின்னும்போது இதில் மிகச் சிறு பங்கே மாறாமல் இரத்தத்துக்குள் போகிறது. பெரும்பகுதியைப் பெருங்குடலின் பாக்டீரியாக்கள் உடைத்து வேறு பொருள்களாக்குகின்றன. எனவே பழம் நல்ல உணவு. அதைப் பூசினால் முகம் வெளுக்கும், சுருக்கம் மறையும் என்று புட்டிகளில் எழுதியிருப்பதை நான் நம்பமாட்டேன், காசும் கொடுக்கமாட்டேன்.

இலையை அரைத்துப் பற்றுப் போடுவது இன்னொரு மரபு. வீக்கம், சொறி, எரிச்சல் கண்ட இடத்தில் சித்த வைத்தியர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். டயோஸ்கோரிடிஸும் இலையை வாற்கோதுமை மாவோடு குழைத்து அக்கி போன்ற தோல் எரிச்சல்களுக்குப் பூசச் சொன்னார். ஒன்றையொன்று அறியாத ஊர்களில் ஒரே இலை ஒரே வேலைக்குப் போயிருப்பதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். இலைச் சாரம் வீக்கத்தைத் தணிப்பதை எலி ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் தோல் உரிந்த இடத்திலும் திறந்த புண்ணிலும் மண்ணோடு பறித்த இலையை வைத்துக் கட்டுவது ஆபத்து. ரணஜன்னிக் கிருமி வாழ்வது மண்ணில்தான்.

தோல் மருத்துவம் இந்தக் குடும்பத்தை நோக்கி உண்மையாகவே திரும்பியது வேறொரு வழியில். ஆஸ்திரேலியாவில் 'பிசாசின் ஆப்பிள்' என்று அழைக்கப்படும் முள் கத்தரிச் செடி ஒன்று உண்டு. அதன் காயிலும் நம் மணத்தக்காளியில் இருக்கும் அதே சோலமார்ஜினும் சோலசோனினும் இருக்கின்றன. அந்த இரண்டையும் பிரித்தெடுத்து, வெயிலால் வரும் ஒருவகைத் தோல் புற்றுக்கான களிம்பாக்கினார்கள். 2008-ல் ஒரு தோல் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 94 நோயாளிகளில் 62 பேருக்கு இந்தக் களிம்பும் 32 பேருக்கு மருந்தில்லாக் களிம்பும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாது. 8 வாரத்தில் மருந்துக் களிம்பு பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்குப் புற்று மறைந்திருந்தது, மற்றவர்களில் 25 விழுக்காட்டினருக்கு. களிம்பின் செறிவு வெறும் 0.005 விழுக்காடு: 100 கிராம் களிம்பில் 5 மில்லிகிராம்.

இவ்வளவு குறைந்த அளவு எப்படி வேலை செய்கிறது? மூலக்கூறின் வாலில் இருக்கும் ராம்னோஸ் என்ற சர்க்கரையைப் புற்றுச் செல் அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது, நல்ல செல் அவ்வளவாக இழுப்பதில்லை என்பது இதை உருவாக்கியவர்களின் விளக்கம். வாலை வெட்டிவிட்டால் வெறும் உடல் அந்த அளவில் பயன்படுவதில்லை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கினருக்குப் புற்று போகவில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. அறுவை மருத்துவம் இதைவிட மிக நன்றாகக் குணமாக்குகிறது. மேல்தோல் மூடிக்கொண்டதாலேயே அடியில் எதுவும் மிஞ்சவில்லை என்று சொல்லவும் முடியாது. வளரும் மச்சத்தின் மேலோ ஆறாத பருவின் மேலோ வீட்டில் காயை நசுக்கித் தேய்ப்பது இந்த ஆய்விலிருந்து எடுக்கும் தவறான பாடமாகிவிடும்.

ஈரலின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடக்கிறது. யுனானி மருத்துவர்கள் ஈரல் வீக்கத்துக்கு மகோய் இலைச்சாற்றையும் அதிலிருந்து வடித்த அர்க் என்ற வடிநீரையும் நெடுங்காலமாகக் கொடுத்துவருகிறார்கள். திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையத்தில் ரூபி ஜான் ஆன்டோவின் குழு இந்த இலையை எடுத்துக்கொண்டு, அதில் ஈரல் புற்றுச் செல்லைக் கொல்வது எது என்று ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துத் தேடியது. கிடைத்தது உட்ரோசைடு பி என்ற சப்போனின். கிளைக்கோஅல்கலாய்டுக்குத் தம்பி முறை: அதே கொலஸ்டிரால் உடல், அதுபோன்ற சர்க்கரை வால், நைட்ரஜன் மட்டும் இல்லை. 2016-ல் வெளியான அவர்களின் ஆய்வில், ஈரல் புற்றுச் செல்களில் பாதியைக் கொல்ல 0.5 மைக்ரோமோலார் செறிவு போதுமாக இருந்தது. அப்போது மருத்துவர்கள் கொடுத்துவந்த சோரஃபெனிப் என்ற மருந்துக்கு அதே வேலைக்கு 5.8 தேவைப்பட்டது. 2021-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உட்ரோசைடு பி-க்கு 'ஆர்ஃபன் மருந்து' என்ற தகுதியைக் கொடுத்தது. அரிய நோய்களுக்கான ஆய்வை ஊக்குவிக்கும் தகுதி அது. விற்பனைக்கு அனுமதி என்று பொருளில்லை. மனிதரிடம் சோதித்து முடிக்க இன்னும் தொலைவு இருக்கிறது. கீரையாகத் தின்னும்போது நமக்குள் போகும் அளவும், பிரித்துத் தூய்மைப்படுத்திய மருந்தின் அளவும் ஒப்பிடக்கூடியவை அல்ல. ஈரல் நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்களும் கருவுற்றவர்களும் மணத்தக்காளியைச் சாரமாகவோ மாத்திரையாகவோ மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். கூட்டும் மசியலும் வேறு.

செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடுகளில் மனிதன் கைவைத்துப் பயன்பெறுவது கசப்போடு முடியவில்லை. 1840-களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகவைத்து, ஏறத்தாழ 10 லட்சம் பேரைப் பட்டினியில் சாகவைத்த கருகல் நோய் இன்றும் உலகமெங்கும் உழவர்களை வாட்டுகிறது. நம் நீலகிரி உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும் அதற்கு மருந்தடிக்கிறார்கள். அதே நோய்க்கிருமி நம் சிறு மணத்தக்காளியான சோலானம் அமெரிக்கானத்தின்மேல் விழுந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள சேன்ஸ்பரி ஆய்வகத்தினர் இந்தச் செடியிலிருந்து கருகலை எதிர்க்கும் மரபணு ஒன்றைப் பிரித்து 2016-ல் வெளியிட்டார்கள், 2021-ல் இன்னொன்றை. அவற்றை உருளைக்கிழங்கில் சேர்த்தபோது, மருந்தடிக்காமலேயே இலைகள் கருகாமல் நின்றன.